கடல் தெரியும் வீட்டில் சொட்டு அண்ணன்

இதை எழுதுகிறவன் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவருக்குத் தலை இல்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் இடுப்புவரை நுழைந்து மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது மடித்துக் கட்டிய கைலியும் இரண்டு பாதங்களும்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வணக்கம்ண்ணே, ஸ்டோருக்குப் புதுசா வந்திருக்கேன்" என்று சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. குலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து இவனும் கையைக் கொடுத்தான்.

"கை எதுக்குய்யா எனக்கு? டார்ச் குடு!" என்று அலமாரி உறுமியது.

"டார்ச் இல்லண்ணே. செல்லு இருக்கு."

"அதையாச்சும் அடி. என் கண்ணுல அடிக்காத, குழாய்ல அடி. பாத்தியா இந்த அநியாயத்த? இதை எவன் மாட்டினான்? அவன் கை விளங்குமா?"

அதுதான் அவர் சொன்ன வணக்கம். எந்த வீட்டுக்குள் போனாலும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் மனிதர்கள்மேல் விழுவதில்லை. இரண்டு குழாய் சேருகிற இடத்தில்தான் விழும். விழுந்தவுடன் அந்தக் கேள்வி வந்துவிடும். இதை எவன் மாட்டினான்? மாட்டினவன் செத்துப்போயிருந்தாலும் விடமாட்டார்.

வேலைத்தளத்தில் அவருக்குப் பெயர் சொட்டு அண்ணன். முகத்துக்கு நேரே அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் சொட்டு. இடது காது மந்தம். நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவார். ஆனால் இரண்டு அறை தள்ளி, மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டினால், வாயில் வைத்த கவளத்தோடு எழுந்துவிடுவார். "அண்ணே, சாப்டுட்டுப் போங்க" என்றால், "அது மட்டும் நிக்காம ஒழுகுது, நான் உக்காந்து திங்கணுமா?" என்பார். ஐம்பத்தொரு வயது, உருட்டுக்கட்டை மாதிரி உடம்பு, முழங்கால் இரண்டிலும் மண்டியிட்டு மண்டியிட்டுக் காய்ப்பு. கோபம் அவருக்கு வருவதில்லை, எப்போதும் இருக்கிறது. அவ்வப்போது அது கொஞ்சம் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருந்த பதினாலு மாடி ஹோட்டலுக்குக் குழாய் வேலை பார்க்க எட்டு மாத ஒப்பந்தத்தில் வந்தவர். நானூற்றுப் பன்னிரண்டு குளியலறை. இது அவருக்குப் பன்னிரண்டாவது வெளிநாட்டு ஊர். கம்பெனி ஆட்களில் பெரும்பாலோருக்கு ஊருக்கு வெளியே கன்டெய்னர் முகாம். பெட்டிக்கு எட்டுப் பேர். அங்கே இடம் கொள்ளாமல் மிஞ்சிய நாலு பேரை மட்டும் கடற்கரைத் தெருவில் ஒரு நாலாம் மாடி வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சொட்டு அண்ணன், ஒரு கிரேன்காரர், ஒரு வயர்மேன், பிறகு இதை எழுதுகிற ஸ்டோர்காரன். இவன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் என்பதால், காகிதம் என்று எது வந்தாலும் படிக்கிற வேலை இவன் தலையில் விழுந்தது. இவனும் அதைப் பெருமையாகத்தான் செய்தான்.

வெயில் காலத்தில் உல்லாசப் பயணிகளுக்கு வாரக்கணக்கில் விடுகிற வீடு அது. மற்ற மாதங்களில் காற்று வாங்கிக் கிடக்கும். அப்போதுதான் வேலைக்கு வந்தவர்களுக்கு இடம். சுவரில் நீல மீன் படம். மேஜையில் கண்ணாடி ஜாடி நிறையச் சிப்பி. காலுள்ள கண்ணாடிக் கோப்பை பன்னிரண்டு இருந்தது, சாதம் வடிக்க ஒரு மூடி இல்லை. சோபாவின் தையலுக்குள் விரலை விட்டால் எவனெவனோ கொண்டுவந்த மணல். சமையலறைக் குழாய் சொட்டியது. கழிப்பறைத் தொட்டி நிரம்பியும் நிற்காமல் ஓடியது. ஷவரின் கழுத்தில் கசிவு. பால்கனியின் தள்ளுகதவு தடத்தை விட்டு இறங்கிப் பாதியில் நின்றது. குளியலறைத் தண்ணீர் கணுக்கால்வரை தேங்கி, பிறகு யோசித்து யோசித்து வடிந்தது. வந்த அன்றே இந்த ஐந்து பழுதையும் ஒரு பட்டியலாக எழுதிக் கம்பெனி கையெழுத்து வாங்கியிருந்தது. நீங்கள் உடைத்தீர்கள் என்று பின்னால் யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவாம்.

"உடைஞ்சிருக்குனு எழுதத் தெரியுது. சரி பண்ணத் தெரியல" என்று அவர் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

முகாம் மேலாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் ஃபைல்காரர். குளிக்கப் போனாலும் அக்குளில் ஒரு ஃபைல் இருக்கும் என்பார்கள். அவரிடம் போய்ச் சொட்டு அண்ணன் கேட்டார்.

"சார், மூணு வாஷர், ஒரு மிதவை, கதவுக்கு ரெண்டு உருளை. சாமான் குடுங்க, நானே மாட்டிக்குறேன்."

"யோவ், நீ ஹோட்டலுக்குக் குழாய் மாட்ட வந்தியா, அந்த வீட்டுக்கு மாட்ட வந்தியா? அது உன் வேலை இல்ல. எட்டு மாசம் இருந்துட்டுப் போற ஆளு. வந்த வேலையப் பாரு."

அறைக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் எறிந்தார். அது ஆணியில் மாட்டாமல் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"எட்டு மாசம்னா மனுசன் குளிக்க மாட்டானா? எட்டு மாசம்னா கக்கூசு போக மாட்டானா? இருபத்திமூணு வருசத்துல பன்னெண்டு ஊரு. எல்லா ஊர்லயும் இதேதான். இருந்துட்டுப் போற ஆளு, இருந்துட்டுப் போற ஆளு. இருந்துட்டுப் போறதுக்கு நடுவுல 'இருந்து'னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேய்ந்த வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆறு நிறுத்தம் தாண்டி ஒரு இரும்புக் கடைக்குப் போனார். இங்கிலீஷில் பேசி உதவலாம் என்று ஸ்டோர்காரன் கூடவே ஓடினான். மொழிக்கு அங்கே வேலையே வரவில்லை. கடைக்காரர் ஒரு வாஷரை எடுத்து வைத்தார். இவர் அதைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் போட்டார். கடைக்காரருக்கு முகம் சிவந்தது. உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். மறுபடி கடி. மூன்றாவதில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அந்த ஊரில் சொட்டு அண்ணன் மரியாதையாகப் பார்த்த ஒரே உள்ளூர் ஆள் அந்தக் கடைக்காரர்தான்.

ஆறு ஞாயிறு. சொந்தச் சாமான், சொந்தக் கை. ஒவ்வொன்றாக வழிக்கு வந்தது. கழற்றிய பழைய பாகங்களை மட்டும் அவர் எறியவில்லை. எதை மாற்றினாலும் பழசை வீட்டுக்காரர் கண்ணில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நல்லதைக் கழற்றிவிட்டாய் என்பார்கள். அது அவர் தொழிலின் பழக்கம். ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைத்தார்.

"இங்க யாருண்ணே வீட்டுக்காரரு? யாருக்குக் காட்டப் போறீங்க?" என்றார் வயர்மேன்.

"வர்றா ஒருத்தி."

வரப்போவது அவருடைய மனைவி. ஊரில் ஒரு ஆடை ஆலையில் முப்பத்திரண்டு பெண்கள் தைக்கிற வரிசைக்கு அவள்தான் மேற்பார்வை. நாளெல்லாம் தையல் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்; போனிலும் அதே குரல்தான். அவர்கள் பேசுவதை முதன்முறை கேட்கிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். சண்டைதான்.

"என்ன தெரியுது அங்க?"

"கடல்."

"கடல்னா எப்படி?"

"கடல்னா கடல்தான். தண்ணி. அதுல என்னத்தச் சொல்றது?"

"போன ஊர்ல மலைனீங்க. மலைனா எப்படின்னு கேட்டா, மலைனா மலைதான்னீங்க. அதுக்கு முந்தின ஊர்ல மணலு. இருபத்திமூணு வருசமா இப்படியே ஒத்த வார்த்தையிலயே ஓட்டிட்டீங்க. இந்தத் தடவ நானே வந்து பாத்துக்குறேன். நீங்க சொல்லிக் கிழிச்சது போதும்."

கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஆறாவது மாதத்தில், குடும்பத்தில் ஒருவர் பதினைந்து நாள் வந்து தங்கலாம். தனி அறை இருந்தால். பதினோரு ஊரிலும் அவருக்குக் கிடைத்தது கட்டில்தான், அறை இல்லை. இங்கே சமையலறைக்குப் பின்னால், அலமாரி அளவில், ஒரு ஜன்னலோடு ஒரு அறை இருந்தது. வந்த அன்றே கிரேன்காரரோடு மல்லுக்கட்டி அதை வாங்கிவிட்டார். அந்த ஜன்னலில் கடல் தெரியும். மனைவிக்கோ ஆலையில் பெரிய சரக்கு ஏற்றி முடிந்த கையோடு அந்தப் பதினைந்து நாள்தான் விடுப்பு. ஒரு நாள் முன்னே பின்னே நகராது. ஆறு ஞாயிறு அவர் அலமாரிக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம். அதைக் கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "சொட்டுனா எனக்கு ஆகாது, அவ்வளவுதான்" என்று எரிந்து விழுவார்.

கடல்மேலும் அவருக்குக் கோபம்தான். உப்புக்காற்று பட்டுப் புதுத் திருகாணியும் பத்து நாளில் பல் இளிக்கிறது என்று தினமும் திட்டுவார். நாலு மாடி இறங்கினால் கடற்கரை. ஐந்து மாதத்தில் ஒரு நாள் கால் வைக்கவில்லை. கிரேன்காரர் கூப்பிட்டால், "மணல்ல நடந்தா மணல் கால்ல ஒட்டி வீட்டுக்கு வரும். வந்தா குளிக்கிற இடத்துல குழிய அடைக்கும். அடைச்சா நீயா எடுப்ப?" என்பார். மாலையில் குடையும் மடக்கு நாற்காலியுமாகப் போகிறவர்களைப் பால்கனியில் நின்று, எதிரிப் படை போவதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

தப்பு நடந்தது மாதப் படிவத்தில். வீட்டின் நிலையை மாதாமாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக ஸ்டோர்காரன் 'முன்போலவே' என்று எழுதி அனுப்புவான். அந்த மாதம் சொட்டு அண்ணன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முன்போலவேன்னா என்ன அர்த்தம்? முன்ன ஒழுகுச்சு. இப்ப ஒழுகுதா? அழிச்சிட்டு எழுதுங்க. சமையலறைக் குழாய், நல்ல நிலை. கழிப்பறை, நல்ல நிலை. நல்லா அழகா எழுதுங்க, படிச்ச கை இல்ல?"

படிச்ச கை என்றதும் ஸ்டோர்காரனுக்கும் தலை கொஞ்சம் கனத்துப்போனது. ஐந்து கட்டத்திலும் ஐந்து 'நல்ல நிலை'. எழுத்து முத்து முத்தாக. அவர் அதை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பத்தே நாள். ஃபைல்காரர் வேலைத்தளத்துக்கே வந்தார்.

"வீடு ஜோரா இருக்குனு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. வாடகை ஏஜென்ட் அம்மா படிச்சுட்டு, சீசனுக்கு முதல்ல இந்த வீட்டையே எடுத்துக்குறேன்னுட்டாங்க. சனிக்கிழமை வந்து பாப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலி பண்ணிட்டு எல்லாரும் முகாமுக்கு வந்துடுங்க."

சொட்டு அண்ணனுக்கு முதல் தடவை காதில் விழவில்லை. விழுந்தபோது கையில் இருந்த குழாய் முறுக்கும் ரிஞ்சைத் தரையில் வைத்தார்.

"செவ்வாக்கிழமை என் வீட்டம்மா வருது சார்."

"முகாமுக்குக் குடும்பம் வரக்கூடாது, தெரியுமில்ல? போன் பண்ணி நிறுத்திடு. அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்."

"அடுத்த ஊரா?"

"ஆமாய்யா, இதென்ன கடைசி ஊரா உனக்கு?"

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் உட்காரவில்லை. அவர் உட்காரவிடவில்லை. கழிப்பறைக் கதவைத் திறந்து, "பாரு, எப்படி அமைதியா நிக்குது பாரு, இதான் எனக்கு எமன்" என்று கத்தினார். ஷவரைப் பார்த்துக் கத்தினார். ஸ்டோர்காரன் பக்கம் திரும்பினார். "நல்ல நிலை! முத்து முத்தா எழுதினீங்களே படிச்சவரே, ஒண்ணாச்சும் கோணலா எழுதியிருக்கக் கூடாதா?" என்றார். இவன் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "உங்கள ஏன் சொல்லணும்? எழுதுங்க எழுதுங்கன்னு நின்னது நான். ஒழுகுற வீட்டுல கெடந்திருந்தா எவனும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். நாம இருக்குற வரைக்கும் ஓட்டை வீடு. நல்லா ஆக்குனா அது வேறவனுக்கு. இதெந்த ஊரு நியாயம்?"

"அண்ணே, சுத்தியல எடுத்து ஒரே போடு. பாத்ரூம் தூள். எவன் வந்து தங்குறான்னு பாப்போம்" என்றார் வயர்மேன்.

"உடைக்கிறதா? முப்பது வருசமா மாட்டுற கைய்யா இது. உடைக்கச் சொல்றியா? நான் என்ன குடிகாரனா?"

அப்போதுதான் ஸ்டோர்காரனுக்கு அந்த முதல் காகிதம் நினைவு வந்தது. வந்த அன்றைக்குப் போட்ட ஐந்து பழுதுப் பட்டியல். அதன் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. காலி செய்யும்போது வீட்டை, இந்தப் பட்டியலில் கண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

"திரும்பப் படிங்க."

படித்தான்.

"இன்னொருக்கா."

படித்தான். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அடைப்பு எடுத்த குழாய், தண்ணீர் வருவதற்கு முன்னால் காறுமே, அந்தச் சத்தம்.

அந்த வெள்ளியும் சனியும் உள்ளூர்ப் பண்டிகை, வேலைத்தளத்துக்கு விடுமுறை. காலையில் பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தார். மத்தியானம்வரை அதே வேலை. புது வாஷரைக் கழற்றி, துடைத்து, தன் பையில் போட்டார். தாளைப் பிரித்துத் தேய்ந்துபோன பழசை எடுத்து, அதையும் துடைத்து, அதன் இடத்தில் வைத்து, அளவாக முறுக்கினார். குழாய் சொட்டத் தொடங்கியது. அவர் முகம் பல் பிடுங்கப்பட்டவன் முகம் மாதிரி ஆனது. மிதவை, ஷவர் கழுத்து, கதவு உருளை. எதையும் தூக்கி எறிந்து செய்யவில்லை. மாட்டும்போது எவ்வளவு பதமாக மாட்டினாரோ அதே பதத்தில் பழுதையும் மாட்டினார்.

ஐந்தாவதில்தான் சிக்கல். குளியலறைக் குழியிலிருந்து எடுத்த மணலை அவர் டப்பாவில் வைக்கவில்லை. குப்பையில் போட்டிருந்தார். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு குளிக்கிற மக்கை எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கினார். மற்ற மூன்று பேரும் பால்கனிக்கு ஓடிவந்து பார்த்தார்கள். குடைகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவே, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்து, குனிந்து, ஒரு மக்கு மணல் அள்ளிக்கொண்டு திரும்பினார். அந்தக் கடற்கரையில் அவர் கால் வைத்தது அன்றுதான்.

"முழுசாக் கொட்டுங்கண்ணே, ஒரேயடியா அடைச்சிடும்" என்றார் கிரேன்காரர்.

"பட்டியல்ல என்ன இருக்கு? 'மெதுவா வடியும்'னு இருக்கு. அடைப்புன்னு இல்ல. அரை மக்குதான்." மிச்ச மணலைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை ஏஜென்ட் அம்மா வந்தாள். கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தாள். அவள் பேசிய உள்ளூர் பாஷை ஃபைல்காரருக்கு மட்டும் புரியும். குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி மூடினாள், இன்னும் அழுத்தி மூடினாள். சொட்டியது. கழிப்பறையில் தண்ணீரை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. தள்ளுகதவை இழுத்தாள். அது பாதியில் நின்று அவளைப் பார்த்தது. ஃபைல்காரர் கழுத்து நனைந்துவிட்டது.

"என்னய்யா இது? நல்ல நிலைனு எழுதினியே!"

"அது போன மாசம் சார். அப்ப இருந்ததெல்லாம் என் சாமான். கழட்டிக்கிட்டேன். இது உங்க சாமான். பட்டியலப் பாருங்க, ஒண்ணு கூட, ஒண்ணு குறைய இருந்தா என்னைக் கேளுங்க."

அந்த அம்மா பட்டியலை வாங்கி ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். ஐந்தும் சரி. பிறகு ஏதோ நீளமாகக் கேட்டாள். ஃபைல்காரர் வேண்டா வெறுப்பாக மொழிபெயர்த்தார்.

"சீசன்ல இந்த ஊர்ல குழாய்க்கு ஆள் கிடைக்காதாம். கிடைக்க மூணு வாரம் ஆகுமாம். உங்கள்ல யாருக்காச்சும் குழாய் வேலை தெரியுமானு கேக்குறாங்க."

கிரேன்காரர் கூரையைப் பார்த்தார். வயர்மேனுக்கு இருமல் வந்துவிட்டது.

"யோவ், இப்பவே மாட்டுய்யா. நான் சொல்றேன்."

"அது என் வேலை இல்ல சார். எட்டு மாசம் இருந்துட்டுப் போற ஆளு. வந்த வேலையப் பாக்குறேன்."

அந்த அம்மா தோளைக் குலுக்கினாள். பக்கத்துக் கட்டடத்து வீட்டை முதலில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். குழாய்க்காரன் கிடைக்கும்வரை இவர்கள் இங்கேயே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பார்ப்பாள். சரியாகியிருந்தால் மறுநாளே பயணிகள் வருவார்கள். படியிறங்கும்போது ஃபைல்காரர் மட்டும் திரும்பி வந்தார். "அடுத்த ஊர்ப் பட்டியல்ல உன் பேரு இருக்காது. பாத்துக்க" என்று ஃபைலைத் தட்டிக் காட்டினார்.

"எழுதிக்குங்க சார். முத்து முத்தா எழுதிக்குங்க."

அவர் போனபிறகு மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். சொட்டு அண்ணன் தட்டவில்லை. அவர் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பி நின்றுகொண்டிருந்தார். ஜெயித்ததற்கு என்ன தண்டனை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இனி அவள் வந்து திரும்பிப் போகிறவரை, பதினைந்து நாளும், அந்தச் சொட்டைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கை வைக்கக்கூடாது. ஒரு தடவை சரி பண்ணிவிட்டால் மறுபடி பழுதாக்க அவருக்குக் கை வராது.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். அவரைவிட ஒரு பிடி உயரம். பெட்டியை வாங்க வந்த ஸ்டோர்காரனிடம், "விடு தம்பி, உன்னைவிட என் கையில பலம் இருக்கு" என்று சொல்லி அவளே தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். அறையைப் பார்த்தாள். ஜன்னலில் கடலைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

"என்ன சத்தம் அது?"

"அது கெடக்கு. கடலைப் பாரு."

"குழாயா ஒழுகுது?"

"கடலைப் பாருனு சொல்றேன்ல."

இரண்டு நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள் என்பதை மனைவியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லாததால் அவள் வாய்க்கு அவல். "ஊரெல்லாம் குழாய் மாட்டுற துரை இருக்குற வீட்டைப் பாரு" என்று கிரேன்காரரிடம் சொன்னாள். "என் வரிசைல ஒருத்தி இந்த லட்சணத்துல தைச்சா, மொத்தத்தையும் பிரிச்சுட்டு வாடினு சொல்லிடுவேன்" என்று வயர்மேனிடம் சொன்னாள். கணுக்கால் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, "ஏங்க, கடல் கடல்னு சொன்னது இதுதானா?" என்று அவரிடமே கேட்டாள். அவர் பல்லைக் கடித்த சத்தம் ஸ்டோர்காரனுக்கே கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் அவள் ஒரு பழைய துணியைக் கிழித்து, குழாய் வாயில் கட்டி, முனையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். சொட்டு துணி வழியாக ஓசையில்லாமல் இறங்கியது. "இவ்வளவுதான். இதுகூடத் தோணல பன்னெண்டு ஊர்க்காரருக்கு" என்றாள்.

அவர் வெடித்துவிட்டார். எட்டு மாசம், ஆறு ஞாயிறு, நல்ல நிலை, செவ்வாய்க்கிழமை, அடுத்த ஊர், அரை மக்கு மணல். முன்னுக்குப் பின் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினார். "துணி கட்டுறா துணி! இது எப்படி ஒழுகுதுனு நினைக்கிற? நான் ஒழுக வச்சிருக்கேன்டி! இந்தக் கையால! நீ வர்றதுக்காக!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ சுவரைத் தட்டினார்கள்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வேலைக்குத் தாமதமாக வந்தவள் சொல்லும் காரணத்தைக் கேட்பதுபோல முழுவதையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தம்மா எப்ப வரும்?"

"சனிக்கிழமை. சனிக்கு சனி."

அவள் துணியை அவிழ்த்தாள். பிழிந்தாள். உதறிக் காயப்போட்டாள். சொட்டு மறுபடி கேட்டது.

"அப்ப ஒழுகட்டும்" என்றாள். "கைய வச்சீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

இன்று ஒன்பதாவது நாள். ஒரு சனிக்கிழமை போய்விட்டது. அந்த அம்மா வந்து குழாயை மூடிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தப் பட்டியல் வந்துவிட்டது. அதில் அவர் இல்லை. இருவரும் இப்போது பால்கனியில், பாதியில் நிற்கிற கதவுக்குப் பக்கத்தில், இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கடலைப் பார்க்கிறாள். அவர் சமையலறைப் பக்கம் காதை வைத்திருக்கிறார். உள்ளே ஒவ்வொரு சொட்டு விழும்போதும் அவருடைய உடம்பு நாற்காலியிலிருந்து ஒரு விரற்கடை எழும்புகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே, பிடிபட்ட திருடனைப் பிடித்துவைத்திருப்பதுபோல, அவருடைய வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.